மயக்க மருந்தும் உயிரணுச் சவ்வும்: கணினிக்குள் பார்த்தால் என்ன தெரிகிறது?

கேள்வி: மயக்க மருந்துகளைப் பற்றிய பாடம் எப்போதும் ஆலிவ் எண்ணெயில்தான் தொடங்குகிறது. அதற்கும் சவ்வுக்கும் என்ன தொடர்பு, ஐயா?

பதில்: ஒரு பொருள் ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அந்த அளவுக்கு அதன் மயக்கும் ஆற்றலும் மிகுகிறது என்பதை 1899இல் ஹான்ஸ் மேயரும் 1901இல் சார்லஸ் ஓவர்ட்டனும் தனித்தனியே கண்டறிந்தார்கள். சவ்வின் உட்பகுதியும் கொழுப்புச் சங்கிலிகளால் ஆனதே என்பதால், மருந்து அங்கே கரைந்து சவ்வின் இயல்பை மாற்றுகிறது என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. 1984இல் ஃபிராங்க்ஸும் லீபும், மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் என்னும் நொதிப் புரதம், கொழுப்பே இல்லாத கரைசலிலும், விலங்குகளை மயக்கும் அளவை ஒட்டிய செறிவிலேயே செயலிழக்கிறது என்று காட்டிய பிறகு தராசு புரதங்களின் பக்கம் சாய்ந்தது. இந்த வழக்கில் சிமுலேஷனை, அதாவது மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதை, நான் ஒரு சாட்சியாகவே கருதுகிறேன். மூலக்கூறு எந்த இடத்தில் இருந்தது என்பதை அது நன்றாகச் சொல்லும். நினைவு ஏன் தப்பியது என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: கணினிக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

பதில்: சவ்வு இரண்டு அடுக்கு லிப்பிட்டுகளால், அதாவது நீரை நாடும் தலையும் கொழுப்புச் சங்கிலிகளும் கொண்ட மூலக்கூறுகளால், ஆனது. வழக்கமான ஒரு தொடக்க அமைப்பில் அடுக்குக்கு 64 வீதம் 128 லிப்பிட் மூலக்கூறுகளும், இருபுறமும் சில ஆயிரம் நீர் மூலக்கூறுகளும் இருக்கும், பக்கவாட்டில் அது சுமார் 6 நானோமீட்டர் அகலமே உள்ள ஒரு பெட்டி. ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசையைக் கணக்கிட்டு, 2 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நானோ நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கழித்து அது எங்கே இருக்கும் என்று பார்த்து, அதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். 500 நானோ நொடி ஓட்டுவதற்கு இப்படி 25 கோடி அடிகள் வைக்க வேண்டும்.

மூச்சு வழியே தரப்படும் மயக்க மருந்தான ஹாலோத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள்; மொத்தமே 8 அணுக்கள். நீரில் விடப்பட்ட மூலக்கூறு சற்று நேரம் அலைந்துவிட்டு, லிப்பிட் தலைப்பகுதிகளின் இடைவெளியில் நழுவி இறங்குகிறது. சவ்வின் நட்டநடுவுக்கும் அது போய்வரும். ஆனால் அதிகம் தங்குவது, தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, தலையோடு சங்கிலிகளை இணைக்கும் எஸ்டர் பிணைப்புகளின் ஆக்சிஜன்கள் இருக்கும் மட்டத்தில்தான். அதன் ஒரே ஹைட்ரஜன் ஓரளவு நேர்மின் தன்மை உடையதாகையால் அந்த ஆக்சிஜன்களை நாடுகிறது. கொழுப்பில் நன்றாகக் கரைந்தும் மயக்கம் தராத சில ஃபுளோரின் சேர்மங்கள் இதற்கு மாறாகச் சங்கிலிகளின் நடுப்பகுதியையே விரும்புகின்றன. மேயரின் விதி தடுமாறும் இடத்தில் சிமுலேஷன் தரும் இந்த வேறுபாட்டைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: என் சிமுலேஷனில் மருந்து சேர்த்ததும் சவ்வு தெளிவாக மெலிந்தது. இதை முடிவாக எழுதலாமா?

பதில்: முதலில் எத்தனை மூலக்கூறு சேர்த்தீர்கள் என்று எண்ணுங்கள். நானும் தொடக்கக் காலத்தில் 128 லிப்பிட்டுக்கு 30 ஹாலோத்தேனைச் சேர்த்துவிட்டு, பரப்பு விரிந்ததையும் தடிமன் குறைந்ததையும் பார்த்துப் பூரித்துப் போனேன். பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டபோது, அறுவை சிகிச்சையின்போது இருக்கும் செறிவில் அந்தப் பெட்டிக்கு ஒன்றிரண்டு மூலக்கூறுதான் வரும் என்று தெரிந்தது. நான் பார்த்தது மயக்க நிலையை அல்ல, சவ்வு மருந்தில் ஊறிய நிலையை. சிகிச்சைச் செறிவில் சவ்வின் நெகிழ்வில் ஏற்படும் மாற்றம், வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஏற்படும் மாற்றத்தைக்கூட எட்டுவதில்லை. அவ்வளவே போதுமென்றால் காய்ச்சல் வந்தவர்கள் எல்லாரும் மயங்கி விழ வேண்டுமே! அதிகச் செறிவில் ஓட்டுவது தவறில்லை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

கேள்வி: அப்படியானால் சவ்வுக் கோட்பாடு முற்றிலும் காலாவதியாகிவிட்டதா?

பதில்: பழைய வடிவில், ஆம். ஆனால் 1997இல் ராபர்ட் கேன்டர் முன்வைத்த கருத்து இன்னும் சிந்திக்கத் தக்கது. சவ்வின் உள்ளே ஆழத்துக்கு ஆழம் பக்கவாட்டு அழுத்தம் மாறுகிறது. சில இடங்களில் அது நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தை எட்டும். மருந்து தலைப்பகுதியின் அருகே தங்கி இந்தப் பங்கீட்டைச் சற்றே மாற்றினாலும், சவ்வில் பதிந்து, மின்னூட்டத் துகள்களுக்கு வழிவிடும் புரதமான அயனிக் கால்வாய் திறப்பதும் மூடுவதும் பாதிக்கப்படலாம் என்பது அவர் வாதம். இந்த அழுத்தப் பங்கீட்டைச் சோதனைச் சாலையில் நேரடியாக அளப்பது மிகக் கடினம். சிமுலேஷனில் கணக்கிடலாம், எண்கள் நிலைபெற நீண்ட ஓட்டம் வேண்டும் என்பது மட்டுமே சிக்கல்.

இன்னொன்றும் உண்டு. நரம்பணுச் சவ்வில் உள்ள காபா-ஏ ஏற்பி என்னும் அயனிக் கால்வாய்ப் புரதத்தில், ஊசி வழியே தரப்படும் மயக்க மருந்தான புரோபோஃபால் பிணையும் இடங்கள் சவ்வுக்குள் புதைந்த பகுதியில், அந்தப் புரதத்தின் துணையலகுகளின் இடையில் அமைந்துள்ளன. அங்கே போக மருந்துக்குச் சவ்வே வழி. ஆகவே புரதமா சவ்வா என்று கட்சி கட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை.

கேள்வி: நேரம் மிச்சப்படுத்த பல அணுக்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் மார்ட்டினி மாதிரியைப் பயன்படுத்தலாமா?

பதில்: பெரிய சவ்வுப் பரப்புக்கு அது நல்லது. ஆனால் ஹைட்ரஜன் அல்லாத சுமார் நான்கு அணுக்களை ஒரு மணியாகச் சுருக்கும் மாதிரியில், ஹாலோத்தேனின் அந்த ஒற்றை ஹைட்ரஜன் காணாமல் போய்விடும்.

கேள்வி: புதிதாகத் தொடங்குபவர் எதில் தொடங்கலாம்?

பதில்: சிமுலேஷன் மென்பொருளாகக் குரோமாக்ஸ், சவ்வுக்குப் பிஓபிசி என்னும் லிப்பிட், அணுக்களுக்கிடையே உள்ள விசைகளைக் கணக்கிடச் சார்ம் விசைப்புலம். மருந்து இல்லாத சவ்வை முதலில் ஓட்டி, ஒரு லிப்பிட்டுக்கான பரப்பு சோதனையில் கிடைத்த அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மருந்தைத் தொடாதீர்கள்.