போய்ச் சேர்ந்தால் ஒரு போன்

கேள்வி: எனக்கு வயது 23. கரூரில் ஒரு நேர்முகத் தேர்வை முடித்துக்கொண்டு தனியாகக் கோவை திரும்பியபோது, காங்கயத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் இருக்கும். அடுத்து வந்த பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. என்னோடு இறங்கிய ஒரு வயதான ஆத்தா, "விடியட்டும், வா கண்ணு" என்று பக்கத்தில் இருந்த தன் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அரிசிம்பருப்பு சாதம் போட்டார். கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் பாய் விரித்துப் படுத்தார். காலையில் பஸ் ஏற்றிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் போடச் சொல்லித் தன் எண்ணைக் கொடுத்தார். களைப்பில் மறந்துவிட்டேன். பணம் கொடுத்தபோது வாங்கவே இல்லை. இது நடந்து ஏழு மாதமாகிறது. இப்போது முதல் சம்பளம் வந்திருக்கிறது. அவருக்கு ஒரு பட்டுச்சேலை கூரியரில் அனுப்பலாமா? என்ன விலையில் எடுத்தால் தகும்?
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்: சேலை விலையை அப்புறம் பேசலாம் அம்மிணி. "களைப்பில் மறந்துவிட்டேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

காங்கயத்தில் ஏறினால் பல்லடம் வழியாகச் சிங்காநல்லூர் வர இரண்டு மணி நேரம் பிடிக்குமா? அந்தக் கணக்கு ஆத்தாவுக்கும் தெரியும். எட்டு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோதும் எடுத்துக்கொண்டு போயிருப்பார். மத்தியானம் வரை மணி அடிக்கவில்லை என்றதும், "அந்தப் புள்ள போய்ச் சேந்துச்சோ என்னமோ" என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிப் புலம்பியிருப்பார். உன் எண் அவரிடம் கிடையாது. யாரிடம் போய் விசாரிப்பார்? என் மகள் திருப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு நாள் சாயங்காலம் போன் எடுக்கவில்லை. அன்றைக்கு அடுப்பில் வைத்த கொள்ளு தீய்ந்து கரியானதுகூட எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. எல்லோரும் எவ்வளவு கொடுப்பது என்றுதான் கேட்கிறார்கள். சோறு போட்டதையும் படுக்க இடம் கொடுத்ததையும் அந்த ஆத்தா கணக்கிலேயே வைத்திருக்க மாட்டார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு, நீ யார் என்று கேட்காமல் மோரும் சோறும் கொடுத்துப் பழகிய பக்கம் அது. உன்னைத் தனியாகப் பஸ் ஏற்றி அனுப்பியதுதான் அவருக்குக் கனத்திருக்கும். அதற்காகத்தான் ஒரே ஒரு போன் கேட்டார். நீ அதைக் கொடுக்காமல் பட்டுச்சேலைக்கு விலை கேட்கிறாய்.

இவ்வளவு எழுதியவள் உன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்றைக்கு எங்கே தங்கினாய் என்று வீட்டில் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல். உனக்கு ஒரு ராத்திரி காவல் இருந்தவருக்கு உன் குடும்பமும் கடன்பட்டிருக்கிறது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பழைய பஞ்சாங்கம் என்று சிரித்தாலும் சரி.

அதனால் கூரியர் வேண்டாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போ. தட்டத்தில் பழம், வெற்றிலை பாக்கு, வீட்டில் சுட்ட கச்சாயம் கொஞ்சம். பட்டு எதற்கு? பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார். கட்டிலை உனக்கு விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தவருக்குச் சென்னிமலைப் போர்வை ஒன்று எடுத்துக்கொண்டு போ, ராத்திரிக்கு ஆகும். சேலைதான் கொடுக்க வேண்டும் என்றால் உன் அம்மா தன் கையால் ஒரு நூல் சேலை கொடுக்கட்டும். கூடப்பிறந்தவள் வைத்த சீர் மாதிரி வாங்கிக்கொள்வார்.

இன்னொன்று. ராத்திரியில் திறக்கிற எல்லாக் கதவும் அந்த ஆத்தா வீட்டுக் கதவாக இருக்காது. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. இரண்டையும் போனில் பதிந்து வை.

அந்தப் போனில்தான் ஆத்தாவின் எண்ணும் ஏழு மாதமாகக் கிடக்கிறது. இப்போதே கூப்பிடு. இவ்வளவு நாள் கழித்து என்னவென்று ஆரம்பிப்பது என்று கூச்சப்படாதே. "ஆத்தா, கோயமுத்தூர் வந்து சேந்துட்டனுங்க" என்று சொல். திட்டுவார். வாங்கிக்கொள்.