ஒரே ஒரு கீமோ மருந்து, அதுவும் ஆய்வில்: அப்பாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு உணவுக்குழாய் புற்றுநோய் (ஸ்குவாமஸ் வகை, அதாவது உட்சுவரின் தட்டையான செல்களில் தொடங்குவது). கல்லீரலுக்கும் பரவிவிட்டது. முதலில் கொடுத்த இரட்டை மருந்து கீமோ ஏழு மாதம் கேட்டது, இப்போது கட்டி மறுபடி வளர்கிறது. ஒரே ஒரு மருந்து கொடுக்கும் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று மருந்து கொடுக்கும்போது அப்பாவுக்கு மட்டும் ஏன் ஒன்று? அவரைச் சோதனை எலி ஆக்குகிறார்களோ?

பதில்: ஒற்றை மருந்து என்பதால் அரைகுறை வைத்தியம் என்று நினைக்காதீர்கள். முதல் கீமோ கைவிட்ட பிறகு பக்லிடாக்சல், டோசிடாக்சல், ஐரினோடீகன் போன்றவற்றில் ஒன்றைத் தனியாகக் கொடுப்பது வழக்கமான சிகிச்சைதான். சாப்பிட முடியாமல் இளைத்துப்போன உடம்பு இரண்டு மருந்துகளைத் தாங்குவது கஷ்டம். ஆய்வில் இன்னொரு காரணமும் உண்டு. இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் கட்டி சுருங்கியது எதனால், வயிற்றுப்போக்கு வந்தது எதனால் என்று பிரித்தறிய முடியாது.

இப்படிப்பட்ட ஆய்வில் பெரும்பாலும் ஒரே அணிதான். சேரும் எல்லோருக்கும் அந்த மருந்தே கிடைக்கும், வெறும் தண்ணீர் ஊசி கிடையாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சிடி ஸ்கேன் எடுத்து, கட்டிகளின் அளவைக் கூட்டிப் பார்ப்பார்கள். 30 சதவீதமாவது குறைந்தால் மருந்து கேட்கிறது என்று கணக்கு. முதலில் சேர்ந்த சிலரில் போதுமானவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் ஆய்வையே நிறுத்திவிடுவதும் உண்டு. கட்டி முழுதாகக் கரையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். அப்பாவுக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்து, கொடுத்தாயிற்றா? முதல் கீமோவுக்குப் பிறகு நோய் முற்றிய ஸ்குவாமஸ் வகை நோயாளிகள் 419 பேரிடம் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் டாக்சேன் வகை கீமோவையும் (பக்லிடாக்சல் அல்லது டோசிடாக்சல்) ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. நிவோலுமாப் பெற்றவர்களில் பாதிப் பேர் 10.9 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள், கீமோ பெற்றவர்களில் அது 8.4 மாதம். கட்டி சுருங்கியதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆயுளில்தான் வித்தியாசம். ஆகவே அந்த மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை என்றால், அதைத் தாண்டி ஏன் ஆய்வுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம். அதை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

அடுத்தது இடைத்தரகர்கள். "ஆய்வில் இடம் பிடித்துத் தருகிறேன், புது மருந்து, வெளியே கிடைக்காது" என்று பணம் கேட்பவர்களிடம் பேச்சே வேண்டாம். முறையான ஆய்வில் இடத்தை யாரும் விற்பதில்லை. வயது, ரத்தப் பரிசோதனை, உடம்பின் தெம்பு பார்த்துத்தான் எடுப்பார்கள், சிபாரிசு செல்லாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணையும் பொறுப்பு மருத்துவரின் பெயரையும் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் விஷயத்தில் எனக்குத் தீராத கோபம். பக்கம் பக்கமாக அச்சடித்ததை ஊசி போடுவதற்குச் சற்று முன் நீட்டி "இங்கே கையெழுத்து" என்கிறார்கள். எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் இது மாறுவதாக இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. முடிவெடுக்க வேண்டியவர் அப்பா, அவருக்கே படித்துக் காட்டுங்கள். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம், அதற்காக மற்ற சிகிச்சையை மறுக்கக்கூடாது.

சேர்ந்தால், இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.