கேளுங்க அக்கா: ஜோடி இல்லாம டான்ஸுக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, எங்க தாமான்ல பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி ஒரு பால்ரூம் டான்ஸ் கிளப்ல இருக்காங்க. மாசத்துல ஒரு சனிக்கிழமை ராத்திரி ஹால்ல சோஷியல் டான்ஸ் வைப்பாங்களாம், வா வான்னு கூப்பிடுறாங்க. எனக்கு 56 வயசு, வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆச்சு. ஜோடி இல்லாம போய் என்ன பண்றது? தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துட்டா?
- வாசகி, செந்தூல்

பதில்: தெரிஞ்சவங்க பார்த்தா என்னம்மா, அவங்களும் அங்கதானே வந்திருக்காங்க!

ஜோடி வேணாம். உண்மையைச் சொன்னா ராத்திரி பூரா ஒரே ஆளையே பிடிச்சுக்கிட்டு ஆடுறவங்களைத்தான் அங்க ஒரு மாதிரியா பார்ப்பாங்க. ஒரு பாட்டு மூணு நிமிஷம், மிஞ்சிப்போனா நாலு, முடிஞ்சதும் தேங்க்யூ சொல்லி உங்க நாற்காலி வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிடுவாங்க, அடுத்த பாட்டுக்கு வேற ஆள். நான் மொத தடவை போனப்ப சுவரோரமா உக்காந்து மீ ஹூன் தின்னுக்கிட்டே ஒன்றரை மணி நேரத்தை ஓட்டிட்டேன், அப்புறம் எழுபது தாண்டின ஒரு சீன அங்கிள் வந்து கையை நீட்டினாரு, எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கிள்னேன், ஒண்ணு ரெண்டு மூணு எண்ணத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியும்னேன். அப்ப வால்ட்ஸ் தெரியும், வான்னு இழுத்துட்டுப் போயிட்டாரு. அவரு கால்ல எத்தனை தடவை மிதிச்சேன்னு கணக்கே இல்ல.

நீங்களும் போய் யாரையும் கூப்பிடலாம், தப்பில்ல. நான் போற இடத்துல ஆம்பளைங்க எப்பவும் குறைச்சல்தான், அதனால பொம்பளைங்களே ஜோடி சேர்ந்து ஆடுவாங்க, நடுநடுவுல வரிசையா நின்னு ஆடுற லைன் டான்ஸ் போடுவாங்க, அதுக்கு ஜோடியே தேவையில்ல. யார் கூடயாச்சும் ஆடப் பிடிக்கலையா, இந்தப் பாட்டுக்கு உக்காந்துக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, காரணமெல்லாம் சொல்ல வேணாம். ஆனா அப்படிச் சொல்லிட்டு அதே பாட்டுக்கு வேற ஆளோட எழுந்து போயிடாதீங்க, அதுதான் பெரிய மரியாதைக்குறைவு.

இன்னொண்ணு, கை நிறைய வளையல் போட்டுக்கிட்டுப் போகாதீங்க, ரும்பா ஆட்டத்துல கையைத் தூக்கி சுத்தி விடுறப்ப கூட ஆடுறவங்க விரல்ல மாட்டிக்கும். பஞ்சாபி சூட்னா துப்பட்டாவை வீட்லயே விட்டுடுங்க.

கேள்வி: ஆறு மாசமா கிளாஸ் போறேன், கிளாஸ்ல எல்லாம் நல்லா வருது. சோஷியல்ல போய் நின்னா ஆளாளுக்கு இடிக்கிறாங்க, ஸ்டெப்பும் மறந்துபோகுது. ஏன் அக்கா?
- வாசகர், ஜெலுத்தோங்

பதில்: எந்தப் பக்கமா சுத்துறீங்க? கோயில்ல வலம் வருவோம்ல, இங்க இடம் வரணும் தம்பி. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், டாங்கோ, குயிக்ஸ்டெப் எல்லாம் ஹாலைச் சுத்திப் போற ஆட்டம், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா போகணும், வேகமா போறவங்களுக்கு வெளி ஓரம், நம்மள மாதிரி தடுமாறுறவங்களுக்கு உள்பக்கம். சா-சாவும் ரும்பாவும் நின்ன இடத்துலயே ஆடுறது. பொண்ணுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு அவங்களுக்குத் தெரியாது, பார்த்து ஓட்ட வேண்டியது லீட் பண்ற ஆள்தான், அதாவது நீங்க. மறந்துபோச்சுன்னா பேசிக் ஸ்டெப்பையே திருப்பித் திருப்பிப் போடுங்க, பத்து ஸ்டெப் தெரிஞ்சு பாட்டை விட்டுட்டு ஓடுறவனைவிட ரெண்டே ஸ்டெப்பை தாளத்தோட போடுறவன் கூட ஆடத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனா நடு ஃப்ளோர்ல நின்னு ஜோடிக்குப் பாடம் மட்டும் எடுக்காதீங்க.

கேள்வி: ஆணும் பெண்ணும் கையைப் பிடிச்சு ஆடுறதெல்லாம் நம்ம கலாச்சாரமா?
- வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: இல்லதான். சா-சா கியூபாவுல 1950கள்ல பிறந்தது, வால்ட்ஸ் ஐரோப்பா. ஆனா இந்த ஊருக்கு இது நேத்து வந்ததில்ல சார், இப்ப சுங்கை வாங் பிளாசா நிக்கிற இடத்துலதான் அந்தக் காலத்து பிபி பார்க், அதாவது புக்கிட் பிந்தாங் கேளிக்கைப் பூங்கா இருந்துச்சு, கேபரே, ஜோகெட்னு மலாய் டான்ஸ் ஆடுற மேடை எல்லாம் அங்க உண்டு, வேணும்னா வீட்டுல பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க. பேட்மிண்டன்கூட நம்ம கலாச்சாரம் இல்ல, ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆடுறோமே.

கேள்வி: எனக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு. ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு ஆடலாமா?
- வாசகி, செராஸ்

பதில்: வேணாம்மா. ரப்பர் அடி தரையைப் பிடிச்சுக்கும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, அந்தத் திருகல் முழுக்க முழங்காலுக்குத்தான் போகும். டான்ஸ் ஷூவுக்கு அடியில ஸ்வேட்னு (suede) ஒரு மெத்துனு தோல் இருக்கும், அது தரையைப் பிடிச்சுக்காம பாதத்தைத் திரும்ப விடும். அதைப் போட்டுக்கிட்டு கார் பார்க்குக்கு நடக்காதீங்க, நம்ம ஊர் மழையில ஒரே நாள்ல போயிடும், பையில வெச்சு எடுத்துட்டுப் போய் ஹால்ல மாத்துங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மெதுவானதா ஆடுங்க. ஸ்லோ வால்ட்ஸ் நிமிஷத்துக்கு 90 பீட்டுக்குள்ளதான் இருக்கும், குயிக்ஸ்டெப் 200ஐத் தொடும், அதுக்கு உக்காந்துடுங்க. நானும் உக்காந்துடுவேன், அந்த நேரத்துலதான் கறிபாப் தட்டுக்கிட்ட கூட்டம் இருக்காது.