மாட்டுக்கு ஏற்றிய பாட்டிலின் மீதியைப் பூனைக்குப் போடலாமா?

கேள்வி: கன்று ஈன்ற மறுநாள் படுத்துவிட்ட எங்கள் மாடு, டாக்டர் நரம்பில் ஏற்றிய கால்சியம் மெக்னீசியம் மருந்தில் முந்தாநாள் எழுந்துவிட்டது. பாட்டிலில் பாதி மீதம் இருக்கிறது. நேற்றுக் காலை மாட்டுக்கு உண்ணி மருந்து அடித்த அலைச்சலில் கவனிக்கவில்லை. மாலையிலிருந்து கொட்டகைப் பூனைக்கு உதறல், காது துடிப்பு. இரண்டு முறை வலிப்பும் வந்தது. 3 கிலோ இருக்கும். மெக்னீசியக் குறைவுதான், மீதியில் 5 மில்லியைத் தோலுக்கடியில் போடுங்கள் என்கிறார் மருந்துக்கடைக்காரர். போடலாமா ஐயா?
– ஒரு விவசாயி, பாலக்கோடு

பதில்: போடாதீர்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது உண்ணி மருந்தைப் பற்றி. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகளை மாடு தாங்கும். பூனையின் கல்லீரலுக்கு அவற்றை முறிக்கும் திறன் குறைவு. ஈர மாட்டின்மேல் உரசிவிட்டுத் தன் மயிரை நக்கினாலே போதும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அப்படியே பொருந்துகின்றன. (முந்தாநாள் எழுந்த மாட்டுக்கு மருந்தடிக்க அப்படி என்ன அவசரம்?) வலிப்பு ஓய்ந்திருக்கும்போது பாத்திரம் கழுவும் திரவ சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவித் துவட்டுங்கள். துணியில் சுற்றி, மருந்து டப்பாவோடு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாயில் பால், எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம்.

பூனைக்கு மெக்னீசிய ஊசி போடுவது உண்டு. ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்த பிறகு. 50 சதவீத மெக்னீசியம் சல்பேட்டில், உயிர் போகிற அவசரத்தில்கூட 3 கிலோ பூனைக்குக் கால் மில்லி தேவைப்படாது. அதையும் 20 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ நீர்த்து, இ.சி.ஜி. பார்த்தபடி 5 முதல் 15 நிமிடத்தில் நரம்பில் ஏற்றுவார்கள். வேகம் கூடினால் ரத்த அழுத்தம் சரியும், மூச்சு தளரும், இதயம் நிற்கும். முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிறுநீரகம் கெட்ட பூனைக்கும், மூத்திரம் அடைத்துக்கொண்ட கடுவனுக்கும் மெக்னீசியம் வெளியேறாது. அங்கே இன்னும் ஆபத்து.

உங்கள் பாட்டிலில் இருப்பதோ பெரும்பாலும் கால்சியம். பூனையின் தோலுக்கடியில் போட்டால் அந்த இடம் செத்து உரியலாம்.

இந்த மீதி பாட்டில்கள் மீது எனக்கு நெடுநாள் ஆத்திரம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் கூரைச் சந்தில் ஒன்று செருகியிருக்கும். ரப்பர் மூடியில் ஊசித் துளை, லேபிளில் சாணிக்கறை, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று ஆட்டுக்கும் நாய்க்கும் அதுவே போகிறது. துளை விழுந்த பாட்டிலுக்குள் கிருமி போகாமலா இருக்கும்? டாக்டர் ஊசியை உருவியதுமே மீதியைக் கொட்டிவிடுங்கள், கை கூசினாலும் சரி. பூனையைக் கண்ணால் பார்க்காமல், கல்லாவில் உட்கார்ந்தபடி மில்லிக் கணக்குச் சொல்கிறவரிடம் மருந்து வாங்குங்கள், வைத்தியம் கேட்காதீர்கள்.

உங்கள் மாட்டைப் போல, கன்று ஈன்றதும் கால்சியம் குறைந்து படுத்துவிடும் பால் காய்ச்சல் கண்ட மாடு இரண்டு நாளுக்குள் மறுபடி படுப்பது உண்டு. படுத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த முறை உண்ணி மருந்து அடிக்கும்போது, மாட்டின் உடம்பு காயும்வரை பூனையை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.