"எனக்கு வராது" என்று சொல்லும் வயது: கேள்வி பதில்

10 முதல் 14 வயது வரையான பிள்ளைகளோடு பல வருடங்களாக உளவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். வீட்டு உறவுகளும், பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமும் அவர்களுடைய படைப்பாற்றலை என்ன செய்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. இரண்டு வருடம் முன்புவரை கையில் கிடைத்த தாளிலெல்லாம் படம் போடுவாள். இப்போது பென்சிலைத் தொடுவதே இல்லை. கேட்டால் "எனக்கு வரைய வராது" என்கிறாள். திறமை போய்விட்டதா மேடம்?

போகவில்லை. அவளுடைய கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஐந்து வயதில் ஒரு வட்டமும் நாலு கோடும் போட்டால் அது அம்மா. அதில் அவளுக்குக் குறையே தெரிந்திருக்காது. 10 வயதை ஒட்டி, வரைவது அசலைப் போலவே இருக்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. அப்படி வராதபோது, படம் சரியில்லை என்பதோடு நிறுத்தாமல் "நானே சரியில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக இந்த வயதில் ஓர் உணர்வு வரும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் இதைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று குறிப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வரைந்தாலும் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் வீட்டு ஆட்களும் உண்டு. "இது என்ன, நாயா ஆடா?" என்று யாரோ விளையாட்டாகக் கேட்டது அவள் காதில் இன்னும் இருக்கலாம்.

வரையச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தாளும் வண்ணமும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். நிழல் எப்படிப் போடுவது, தூரத்தை எப்படிக் காட்டுவது என்று அவளாகக் கேட்டால் கற்றுக்கொள்ள வழி செய்யுங்கள். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கோணல்மாணலாக ஏதாவது வரையுங்கள். அரைகுறையானதையும் இந்த வீட்டில் காட்டலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

கேள்வி: நான் மகனைக் குறை சொல்வதே இல்லை. "நீ பிறவிக் கலைஞன்" என்றுதான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். ஆனாலும் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்கிறான். புதிதாக எதையும் தொட மாட்டேன் என்கிறான்.

உங்கள் அன்பில் குறையில்லை. ஆனால் "பிறவிக் கலைஞன்" என்பது அவன் காப்பாற்ற வேண்டிய பட்டமாகிவிட்டது. புதிதாக ஒன்றைச் செய்து அது சொதப்பினால் பட்டம் போய்விடுமே! க்ளாடியா ம்யூலர், கேரல் ட்வெக் என்ற உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டிக்காரத்தனத்துக்காகப் பாராட்டு வாங்கிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்து நன்றாகச் செய்து காட்டக்கூடிய புதிர்களையே விரும்பினார்கள். முயற்சிக்காகப் பாராட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர், தப்பு வந்தாலும் பரவாயில்லை, கற்றுக்கொள்ள ஏதாவது இருப்பதைக் கேட்டார்கள்.

பாராட்டைவிட, ஒரு நல்ல கேள்வி போதும். "இந்த இடத்தில் மட்டும் ஏன் நீலம்?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: முதல் பிள்ளை படிப்பாளி, இளையவள்தான் கற்பனைக்காரி என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பிறந்த வரிசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கற்பனையைப் பொறுத்தவரை இல்லை. மூன்று நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து 2015இல் வந்த ஆய்வில், கற்பனைத்திறனில் பிறந்த வரிசையால் வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பேச்சை மட்டும் வீட்டில் நிறுத்திவிடுங்கள். "கற்பனை தங்கச்சியுடையது" என்று பெரியவன் முடிவு செய்துவிட்டால், எழுத ஆசை வந்தாலும் எழுத மாட்டான்.

கேள்வி: அப்படியென்றால் கண்டிப்பே கூடாதா? எல்லாவற்றையும் அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டுமா?

கண்டிப்பு எதில் என்பதைப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தூங்குவது, மற்றவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதிலெல்லாம் உறுதியாக இருங்கள். பிள்ளை எழுதும் கதை எப்படி முடிய வேண்டும் என்பதில் மட்டும் தலையிட வேண்டாம்.

படைப்பாற்றல் வளர இரண்டு வேண்டும் என்று கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் எழுதினார். ஒன்று, எப்படியிருந்தாலும் என்னை ஏற்றுக்கொள்வார்கள் என்ற பாதுகாப்பு. மற்றது, நினைப்பதை வெளிப்படுத்தும் சுதந்திரம். ஹாரிங்டன், பிளாக் தம்பதியர் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1987இல் வெளியிட்டார்கள். பாலர் வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சில வேலைகளைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தை முதலில் கவனித்தார்கள். பல வருடம் கழித்து, அதே பிள்ளைகளின் படைப்பாற்றலை வளரிளம் பருவத்தில் மதிப்பிட்டார்கள். பிள்ளையை மதித்து, உற்சாகப்படுத்தி, தானே செய்ய விட்ட வீடுகளுக்கும் பிற்காலப் படைப்பாற்றலுக்கும் தொடர்பு இருந்தது. குறை சொல்லி, "இங்கே கொடு" என்று வாங்கித் தாங்களே செய்துகொடுத்த வீடுகளில் அந்தத் தொடர்பு எதிர்மாறாக இருந்தது.

அந்த "இங்கே கொடு" எனக்கு மிகவும் வலிக்கிற வார்த்தை. பள்ளி ப்ராஜெக்டை இரவோடு இரவாக அப்பாவே அழகாகச் செய்துகொடுத்துவிடுவார். பிள்ளைக்கு அதிலிருந்து கிடைப்பது "என்னால் முடியாது என்று அப்பாவுக்கும் தெரியும்" என்ற செய்திதான்.

கேள்வி: போட்டிகளில் சேர்த்துவிடலாமா?

பிள்ளை ஆசைப்பட்டால் சேருங்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 7 முதல் 11 வயதுச் சிறுமிகளை வண்ணத் தாள் ஒட்டிப் படம் செய்யச் சொன்னார் உளவியலாளர் தெரசா அமபிலே (1982). சிறந்த படத்துக்குப் பரிசு என்று தெரிந்து செய்தவர்களின் படங்களில், பரிசு குலுக்கலில்தான் என்று அறிந்தவர்களின் படங்களைவிடப் படைப்பாற்றல் குறைவாக இருந்தது.

கேள்வி: நானும் கணவரும் பிரிந்துவிட்டோம். 12 வயது மகன் எழுதும் கதைகளில் யாராவது செத்துப்போகிறார்கள். பயமாக இருக்கிறது.

கதை இருண்டிருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். அவனால் வாயால் சொல்ல முடியாததற்கு ஒரு வழி கிடைத்திருக்கலாம். அதனால் கதையைத் திருத்தாதீர்கள், ரகசியமாக எடுத்துப் படிக்காதீர்கள். அவன் காட்டினால், கதையில் வருபவனைப் பற்றியே கேளுங்கள்: "அவனுக்கு அப்போது எப்படி இருந்தது?" தூக்கம், சாப்பாடு குறைவது, நண்பர்களை ஒதுக்குவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எனக்கு 13 வயது. என் கவிதை நோட்டை அக்கா எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்துச் சிரித்தாள். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனிமேல் எழுத வருமா?

வரும். உன்னைக் கேட்காமல் வாசித்தது தப்பு. அதற்காக வெட்கப்பட வேண்டியது நீ இல்லை. அக்காவிடம் கோபம் ஆறியபின் "எனக்கு அது வலித்தது" என்று ஒருமுறை சொல். அம்மாவிடமோ அப்பாவிடமோ, உன் நோட்டை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிடச் சொல்.

அப்புறம் புது நோட்டு ஒன்று எடு. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எப்போதாவது காட்டத் தோன்றினால் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடு, "திருத்த வேண்டாம், படித்தால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடு. கிழித்துப் போட்டதில் ஒரு வரியாவது உனக்கு ஞாபகம் இருக்கும். அதை முதல் பக்கத்தில் எழுது.