உறைபனியில் டிரெய்லர் வீட்டை இழுத்துப் போய்த் தங்கலாமா?

ஜனவரியில் கொலராடோ மலைப்பக்கம் டிரெய்லர் வீட்டோடு போய் இரண்டு இரவு தங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரை.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். குழாயும் பம்ப்பும் விரிசல் விடுவது அதனால்தான். உள்ளே ஹீட்டர் ஓடினாலும், வண்டியின் அடியில் போகும் குழாய்களுக்கு அந்தச் சூடு சரியாக எட்டாது. முதல் பயணம் என்றால் குழாய்களை முழுக்க வடித்துவிட்டு, புரோப்பிலீன் கிளைகால் கலந்த உறைதடுப்பு திரவத்தை ஊற்றிவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் கேனில் தண்ணீர் கொண்டுபோங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவதை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது விஷம்.

ஹீட்டருக்கான எரிவாயு சிலிண்டரில் புரோப்பேன்தான் இருக்க வேண்டும். அது மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும். பியூட்டேன் ஆவியாவது பூஜ்ஜியத்திலேயே நின்றுவிடும்.

குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக அடைப்பதுதான் பெரிய ஆபத்து. கூரைத் திறப்பைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். மூச்சின் ஈரம் சுவரில் வழியாமல் இருக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் தேங்காது. அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே சோதித்துவிடுங்கள். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய வேண்டவே வேண்டாம்.

சாலையில், இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பனியில் சடாரென்று பிரேக் போட்டால் பின்னால் வரும் டிரெய்லர் காரைத் தள்ளித் திருப்பிவிடும். கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலை மலைப்பாதையில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை பனிக்கேற்ற டயரோ சங்கிலியோ சட்டப்படி அவசியம்.