பிஎச் மீட்டர் கைவிடும் இடம்: அடர் அமிலம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (துரு நீக்கும் ஆலையின் லேப் ஊழியர்): சார், ஆசிட் தொட்டியில் மீட்டர் முதலில் 0.3 காட்டுது, கொஞ்ச நேரம் கழிச்சு 0.6. ரிஜிஸ்டரில் எதை எழுத?

பதில்: இரண்டையும் எழுதாதீர்கள். பிஎச் 1-க்குக் கீழே போனாலே கண்ணாடி எலக்ட்ரோடு தடுமாறும். நீங்கள் அளவு திருத்தியதும் பிஎச் 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில்தானே? 5 மி.லி. எடுத்துத் தண்ணீரில் ஊற்றி, சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேஷன் செய்து நார்மாலிட்டியை, அதாவது அமிலச் செறிவை, எழுதுங்கள். இண்டிகேட்டர் மெத்தில் ஆரஞ்சு. ஃபினால்ஃப்தலின் போட்டால் தொட்டியில் கரைந்த இரும்பும் காரத்தைக் குடித்துவிடும், அமிலம் கூடுதலாகத் தெரியும்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவர்): பிஎச் மைனஸில் போகுமா அண்ணா?

பதில்: போகும் தம்பி. 0 முதல் 14 என்பது பாடப்புத்தக வசதி. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத் தண்ணீரில் −3.6 வரை அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் காற்றுபட்டுக் கந்தக அமிலமாகி, ஆவியாகி அடர்ந்த நீர் அது. பஃபருக்குப் பதில், செறிவு தெரிந்த கந்தக அமிலக் கரைசல்களை வைத்தே எலக்ட்ரோடைத் திருத்தினார்கள்.

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி): அடர் அமிலம் புரோட்டானை ஏற்றும் திறனைச் சொல்லும் ஹேமெட் அமிலத்தன்மை, அதாவது ஹெச் நாட், சூத்திரம் மனப்பாடம் சார். ஆனால் லேபில் எப்படி அளப்பது?

பதில்: நிறத்தை வைத்துத்தான். 1932-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹேமெட்டும் டெய்ரப்பும் இதற்கு நைட்ரோஅனிலீன்கள் என்ற வலுக்குறைந்த காரங்களைப் பிடித்தார்கள். 4-நைட்ரோஅனிலீன் மஞ்சள், புரோட்டான் ஏறினால் அந்த மஞ்சள் போய்விடும். பாதி மாறும் இடம் ஹெச் நாட் 1 அருகே. அமிலம் இன்னும் ஏறினால் அது பயன்படாது, 2,4-டைநைட்ரோஅனிலீன் −4.5 அருகே கைகொடுக்கும், ட்ரைநைட்ரோஅனிலீன் −10 அருகே. ஒன்றின் எல்லையில் அடுத்ததையும் சேர்த்து அளந்து, படிப்படியாக இறங்க வேண்டும். எவ்வளவு மாறியது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் சொல்லும்.

60% கந்தக அமிலம் ஏறத்தாழ 9 மோலார். செறிவை மட்டும் பார்த்தால் ஹெச் நாட் −1 வரவேண்டும், அளந்தால் −4.5 அருகே! ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு என்பதால், இது மூவாயிரம் மடங்கு வித்தியாசம். புரோட்டானைச் சுற்றிப் பிடித்து அடக்கத் தண்ணீர் போதவில்லை, காரணம் அதுதான். 100% அமிலத்தில் −12.

கேள்வி (அதே மாணவி): அப்படியானால் வினை வேகமும் ஏறிக்கொண்டே போகுமா?

பதில்: வினையைப் பொறுத்தது. அமைடு நீராற்பகுப்பின் (தண்ணீர் தாக்கி அமைடு உடைவதன்) வேகம் ஓரளவு ஏறி, பிறகு இறங்கும். அமைடு எல்லாம் புரோட்டான் ஏற்று முடிந்தபின் தாக்க வேண்டியது தண்ணீர். அதுவோ குறைந்துகொண்டே போகிறது. கந்தக அமிலத்தில் பென்சீன் நைட்ரேஷன் 90% அருகே உச்சம். வேகத்தின் லாக் மதிப்பை −ஹெச் நாட்டோடு வரைபடம் போட்டு, சாய்வு 1 வந்ததும் "வேகத்தை முடிவு செய்யும் படியில் தண்ணீருக்கு இடமில்லை" என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். 1939-இன் சுக்கர்–ஹேமெட் கருதுகோள் அப்படித்தான் சொன்னது; விதிவிலக்குகள் குவிந்துவிட்டன. அமைடுகள் ஹெச் நாட் கோட்டிலேயே நடக்காது, அவற்றுக்குத் தனி அளவுகோல் உண்டு.

கேள்வி (லாரி ஓட்டுநர்): 98% கந்தக ஆசிட்டை இரும்பு டேங்கரில்தானே ஏத்துறோம், அரிக்காதா?

பதில்: மெதுவாகத்தான் அண்ணே. மேலே இரும்பு சல்பேட் படலம் படிந்து காக்கும். காலி டேங்கரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அப்படியே விட்டால்தான் வம்பு: நீர்த்த அமிலம் இரும்பைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். மூடி பக்கம் பீடி வேண்டாம்.